முகாமுக்குப் பிறகு வரும் செலவு



சபைகளிலிருந்து எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு வேண்டுகோள் அடிக்கடி காணப்படுகிறது. "எங்கள் ஊரில் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தித் தாருங்கள், செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்" என்பதே அது. சில சபைகள் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஆண்டு விழாவை ஒட்டிக் கேட்கின்றன. சில குடும்பத்தார் இந்த நோயால் மரித்த தாயாரின் நினைவாக நடத்த விரும்புகிறார்கள். இவ்வேண்டுகோள்களை நாங்கள் நன்றியோடு பெற்றுக்கொள்கிறோம். ஆனால் சில காலமாக, பதில் எழுதும்போது ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதி வருகிறோம்: முகாமில் சந்தேகம் என்று சொல்லப்படுகிற பெண்களுக்கு அடுத்து நடக்க வேண்டிய பரிசோதனைகளின் செலவை யார் ஏற்பது?

இந்தக் கேள்வி சிலருக்கு வியப்பாக இருந்திருக்கிறது. ஒரு சபையின் பொருளாளர், "முகாம் என்றால் நோய் உண்டா இல்லையா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும் என்றல்லவா நாங்கள் எண்ணியிருந்தோம்" என்று எழுதினார். அப்படி எண்ணுகிறவர்கள் அநேகர் இருப்பதால், இவ்விதழில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலாவது, முகாமில் நடப்பது என்ன என்பதைப் பார்ப்போம். பயிற்சி பெற்ற செவிலியரோ மருத்துவரோ ஒவ்வொரு பெண்ணையும் தனியறையில் வைத்து, மார்பகத்தையும் அக்குளையும் கையால் தொட்டுப் பார்க்கிறார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். இயந்திரம் வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம். 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை இந்தப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஒரு முறையாவது இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 0.9 பேர்தான். தமிழ்நாட்டில் 5.6 பேர். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்தது என்றும், 98,000 பேர் இதனால் மரித்தார்கள் என்றும் உலகப் புற்றுநோய் மதிப்பீடு சொல்லுகிறது.

கையால் தொட்டுப் பார்ப்பதால் பயன் உண்டா என்று படித்த நண்பர்கள் கேட்பதுண்டு. உண்டு. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998-இல் தொடங்கி, 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டாண்டுகளுக்கு ஒரு முறை தொட்டுப் பார்த்த பகுதிகளில் நோய் முந்தின நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 50 வயதைக் கடந்த பெண்களில் இந்நோயால் வரும் மரணம் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது என்ற அளவில் குறைந்தது. அதற்குக் கீழான வயதினரில் அந்தப் பலன் தெளிவாகக் காணப்படவில்லை. ஆகவே முகாம் வீண் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அது வேலையின் தொடக்கம் மட்டுமே என்கிறோம்.

ஏனென்றால் விரல்களுக்குத் தெரிவது கட்டி இருக்கிறது என்பது மட்டுமே. அது என்ன கட்டி என்று விரல்கள் சொல்ல மாட்டா.

கட்டி என்றதும் புற்றுநோய் என்று நம் ஜனங்கள் நடுங்குகிறார்கள். உண்மையில் பெரும்பாலான கட்டிகள் தீங்கற்றவை. இளம் பெண்களுக்கு வருகிற, தொட்டால் கோலிக்குண்டு போல உருண்டோடும் நார்க்கட்டி உண்டு. நீர் கோத்த பை உண்டு. பால் கொடுக்கும் தாய்மாருக்குச் சீழ்க்கட்டி வருவதுண்டு. நம் நாட்டில் காசநோய்கூட மார்பகத்தில் கட்டியாக வரும் என்பது பலருக்குத் தெரியாது. இவற்றின் நடுவில் எங்கோ ஒன்று புற்றுநோயாக இருக்கும். அந்த ஒன்றைப் பிரித்தெடுக்கும் வேலைக்குத்தான் பணம் வேண்டியிருக்கிறது.

எவ்வளவு பேரில் ஒன்று? நமக்கு அருகிலேயே, திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2006-இல் தொடங்கிய ஓர் ஆய்வு இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. அங்கே 50,366 பெண்களைச் சுகாதாரப் பணிப்பெண்கள் கையால் பரிசோதித்தார்கள். அவர்களில் 2,880 பேருக்கு மேற்பரிசோதனை தேவை என்று சொல்லப்பட்டது. அந்த 2,880 பேரில் புற்றுநோய் என்று உறுதியானது 30 பேருக்கு. அதாவது, "நீங்கள் அடுத்த பரிசோதனைக்கு வாருங்கள்" என்று அழைக்கப்படுகிற நூறு பெண்களில் ஒருவருக்கே நோய். மற்றத் தொண்ணூற்றொன்பது பேரும் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று அறிந்துகொள்வதற்காகவே பேருந்து ஏறி, வரிசையில் நின்று, பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

முகாமுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் இந்த எண்ணைச் சற்று நின்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். நூறு பேர் வருகிற முகாமில் ஐந்தாறு பேரை மேற்பரிசோதனைக்கு அனுப்ப நேரிடும். அந்த ஐந்தாறு பேரும் காலையில் வீட்டைவிட்டு வரும்போது தங்களுக்கு எந்த நோயும் இருப்பதாக நினைக்காதவர்கள். சபையார் அன்போடு அழைத்ததினால் வந்தவர்கள். மாலையில் கையில் ஒரு சீட்டோடும் மனதில் ஒரு பாரத்தோடும் திரும்பிப் போகிறார்கள். பாரத்தைக் கொடுத்தவர்கள் நாம் என்றால், அதை இறக்கி வைக்கிற பொறுப்பும் நமக்கு உண்டு அல்லவா?

அந்தச் சீட்டில் எழுதியிருக்கும் பரிசோதனைகள் எவை, எதற்கு எவ்வளவு ஆகும் என்பதை இனிச் சொல்லுகிறோம். கட்டணம் ஊருக்கு ஊர், மையத்துக்கு மையம் வேறுபடுவதால் பொதுவாகவே சொல்ல முடியும்.

முதல் படி ஸ்கேன் எனப்படும் அல்ட்ராசவுண்டு. இளம் வயதுப் பெண்களுக்கு இதுவே முதலில் செய்யத்தக்கது. அவர்களுடைய மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராம் படத்தில் கட்டி மறைந்துவிடும். வெண்மேகத்துக்குள் வெண்புறாவைத் தேடுவது போல என்று எங்கள் எக்ஸ்ரே பிரிவு சகோதரர் சொல்லுவார். கட்டி வெறும் நீர்ப்பைதான் என்று ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்தால் அநேகமாக அங்கேயே காரியம் முடிந்துவிடும். எல்லாவற்றிலும் குறைந்த செலவில் மிகுந்த சமாதானம் தருகிற பரிசோதனை இதுவே என்பது எங்கள் எண்ணம்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மேமோகிராம் எடுக்கிறார்கள். ஒவ்வொரு மார்பகத்தையும் இரண்டு தட்டுகளுக்கு இடையில் அழுத்தி, இரண்டு கோணங்களில் எக்ஸ்ரே படம் பிடிப்பார்கள். ஆக, நான்கு படங்கள். படத்தைப் பார்க்கும் மருத்துவர் உலகெங்கும் வழங்கும் ஒரு முறைப்படி 0 முதல் 6 வரை ஓர் எண் கொடுக்கிறார். இந்த எண்களைப் பார்த்துப் பள்ளிக்கூட மதிப்பெண் போல எண்ணிக் கொள்கிறவர்களும் உண்டு. 0 என்றால் ஒன்றுமில்லை என்று பொருளல்ல. படம் போதாது, இன்னும் படம் வேண்டும் என்று பொருள். 3 என்றால் பெரும்பாலும் தீங்கற்றது, புற்றுநோயாக இருக்க நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வாய்ப்பில்லை. ஆனாலும் ஆறு மாதத்தில் ஒரு முறை, பிறகு ஓராண்டிலும் இரண்டாண்டிலும் திரும்பப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். 4, 5 என்றால் சதையை எடுத்துப் பார்க்காமல் விடக்கூடாது.

இந்த 3 என்ற எண்ணைப் பற்றிச் சபையார் அறிய வேண்டும். நல்ல செய்தி போலக் கேட்கப்படுகிற இந்த எண்ணுக்குத்தான் செலவு நீண்டுகொண்டே போகிறது. முதல் படத்துக்குச் சபை பணம் கொடுத்துவிடும். ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டிய படத்தைச் சபையும் மறந்துவிடும், அந்தப் பெண்ணும் மறந்துவிடுவாள். அல்லது மறக்காமலே பணத்தை நினைத்து இருந்துவிடுவாள்.

அடுத்த படி ஊசி. இதில் இரண்டு வகை உண்டு. மெல்லிய ஊசியால் சில செல்களை உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பது ஒன்று. செலவு குறைவு, முடிவும் விரைவில் வரும். ஆனால் செல்கள் தனித்தனியாக வருவதால், புற்றுநோய் பால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கிறதா, வெளியே பரவத் தொடங்கிவிட்டதா என்பதை அது சொல்லாது. சில வேளைகளில் செல்கள் போதவில்லை என்று அறிக்கை வரும். மற்றது, மரத்துப்போகும் ஊசி போட்டபின், சற்றுத் தடித்த ஊசியால் நூல் போன்ற சதைத் துண்டுகள் சிலவற்றை எடுப்பது. பயாப்சி என்று சொல்லுகிறோமே, அது. இதற்குச் செலவு பல மடங்கு. ஆனால் பெரும்பாலும் தெளிவான விடை தரும்.

எளியவர்கள் என்பதால் மலிவான ஊசியே போதும் என்று முடிவு செய்வது சில இடங்களில் வழக்கம். அவ்வழக்கம் எங்களுக்கு உடன்பாடல்ல. மெல்லிய ஊசியில் விடை தெளியாவிட்டால் அதே பெண் மறுபடியும் வந்து பயாப்சிக்கும் பணம் கட்ட வேண்டும். இரண்டு பயணம், இரண்டு கட்டணம். எதை முதலில் செய்வது என்பதை மருத்துவர் கட்டியைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டுமேயன்றி, நோயாளியின் சேலையைப் பார்த்துத் தீர்மானிக்கலாகாது.

எடுத்த சதையை உடனே பார்மலின் என்ற மருந்து நீரில் போட வேண்டும். குறைந்தது ஆறு மணி நேரம் அதில் ஊற வேண்டும், எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறக்கூடாது. பிறகு மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, நிறமேற்றி, நோய்க்கூறு மருத்துவர் பார்ப்பார். ஆகவே எவ்வளவு விரைந்தாலும் அன்று மாலையே முடிவு தர இயலாது. புற்றுநோய் என்று முடிவானால் அதே மெழுகுக் கட்டியிலிருந்து இன்னும் மூன்று பரிசோதனைகள் உண்டு. பெண் ஹார்மோன்களுக்குக் கட்டி இணங்குமா என்று இரண்டு, ஹெர் 2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்று ஒன்று. மூன்றாவது பரிசோதனையில் முடிவு இரண்டுங்கெட்டானாக வந்தால் பிஷ் என்ற மற்றொன்றையும் செய்ய வேண்டும். அது இன்னும் விலை கூடியது. இவையெல்லாம் ஆடம்பரமா என்று ஒரு நண்பர் கேட்டார். அல்ல. எந்த மருந்து பலிக்கும், எது பலிக்காது என்று இவைதாம் சொல்லுகின்றன. ஹெர் 2 மிகுந்தவர்களுக்கென்றே உள்ள மருந்தை மற்றவர்களுக்குக் கொடுப்பது, பணத்தையும் உடலையும் ஒருங்கே வீணாக்குவதாகும்.

சீட்டில் எழுதாத செலவும் உண்டு. 2024–25-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி ரூ. 319. ஒரு தனியார் மையம் மேமோகிராமுக்கு ரூ. 2,000 கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆறு நாள் கூலியைக் கொடுத்தாலும் போதாது. அதோடு, அன்றைய வேலையும் போய்விடும். துணைக்கு வருகிற மகளோ மருமகளோ தன் வேலையையும் விட்டு வர வேண்டும். 2021-இல் தொடங்கி நம் மாநிலத்தில் பெண்கள் கட்டணமின்றிப் பேருந்தில் போகலாம் என்பது உண்மையே, ஆனால் அது நகரப் பேருந்துகளில்தான். மாவட்டத் தலைநகருக்குப் போகிற புறநகர்ப் பேருந்தில் சீட்டு எடுத்தே ஆக வேண்டும். மருத்துவரைப் பார்க்க ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசிக்கு ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள் என்று நான்கு நாட்கள் அலைந்தால், பரிசோதனையே இலவசமாக இருந்தாலும் ஓர் ஏழைக் குடும்பம் தள்ளாடிப் போகும்.

பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு சகோதரி முகாமிலிருந்து சீட்டோடு எங்களிடம் வந்தார்கள். அடையாளம் தெரியாதிருக்கும்படி அவர்களுடைய ஊரை எழுதவில்லை. ஸ்கேன் முடிந்து, சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னபோது, "ஐயா, தட்டுல பாதி இலை அப்படியே கெடக்கு. கடைக்குக் கணக்கு முடிக்கணும். அடுத்த வாரம் வாரேன்" என்றார்கள். அடுத்த வாரம் வரவில்லை. எங்கள் சமூகநலப் பணியாளர் வீட்டுக்குப் போனபோது, பணம் இல்லை என்று அவர்கள் சொல்லவேயில்லை. வலி இல்லை என்றார்கள், பண்டிகை வருகிறது என்றார்கள், தம்பி மகளுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், இப்போது இந்த வியாதிப் பேச்சு வெளியே தெரிய வேண்டாம் என்றார்கள். பணியாளர் எழுந்து வரும் நேரத்தில்தான் மெதுவாக, "எவ்வளவு ஆகும் அக்கா?" என்று கேட்டார்கள். ஒன்றும் ஆகாது என்று அறிந்த பிறகு வந்தார்கள். அது நார்க்கட்டிதான். ஒன்றுமில்லை என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்க அவர்களுக்கு நான்கு மாதம் சென்றது.

நோயாளிகள் பணத்தைப் பற்றி நேரே பேசுவதில்லை என்பது, இந்த ஊழியத்தில் பல ஆண்டுகள் கட்டிலருகே உட்கார்ந்து நாங்கள் கற்றுக்கொண்டது. மாற்கு எழுதின சுவிசேஷத்தில் பன்னிரண்டு வருஷம் நோயுற்றிருந்த பெண்ணைப் பற்றி வாசிக்கிறோம். சுவிசேஷகர் அவளுடைய வியாதியைச் சொல்லுகிறதோடு நில்லாமல், வைத்தியர்களிடம் அவள் கைப்பொருளெல்லாம் கரைந்துபோனதையும் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பு எங்களுக்கு எப்போதும் முக்கியமானதாகத் தோன்றும்.

"இப்பொழுது காப்பீட்டு அட்டை இருக்கிறதே, அது கொடுக்காதா?" என்று கேட்பீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. 2018-இல் தொடங்கிய பிரதமரின் ஆரோக்கியத் திட்டத்திலும் அதே அளவு உண்டு. புற்றுநோய் என்று உறுதியான பெண்ணுக்கு இவை பெரும் உதவி, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இத்திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சையை வைத்தே அமைந்தவை. பிரதமரின் திட்டத்தில், சேர்வதற்கு முந்தின மூன்று நாள் பரிசோதனைச் செலவும் அடங்கும். மாநிலத் திட்டத்தில் குறிப்பிட்ட சில பரிசோதனைகளுக்கும் இடம் உண்டு. ஆனால் வெளிநோயாளியாகவே வந்து, பரிசோதித்து, ஒன்றுமில்லை என்று வீட்டுக்குத் திரும்புகிற பெண் எந்த நாளிலும் மருத்துவமனையில் சேர்வதில்லை. சேராதபடியால் அவளுக்கு எந்த மூன்று நாளும் கிடையாது. மேலே சொன்ன நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் இவர்கள்தாம். நோயின் பெயர் தெரிந்த பிறகே காப்பீட்டின் கதவு திறக்கிறது. பெயர் தெரியும் வரைக்கும் நடக்கிற வழி அவளுடைய சொந்தச் செலவு.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இப்பரிசோதனைகள் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கின்றன. அருகில் இருப்பவர்களை நாங்களே கடிதம் கொடுத்து அங்கே அனுப்புகிறோம். காணிக்கைப் பணத்தை, அரசு செய்கிற காரியத்துக்கே மறுபடியும் செலவிடுவது நல்ல உக்கிராணத்துவம் ஆகாது. தொலைவில் இருப்பவர்களுக்கும், தனியே போய் வரத் தெரியாதவர்களுக்கும், வரிசையில் பலநாள் நிற்க முடியாதவர்களுக்குமே நம் உதவி தேவைப்படுகிறது.

இது ஏழை நாடுகளின் தொல்லை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வாசகர்கள் கேட்டிருக்கக்கூடும். அங்கே 1990-இல் ஒரு சட்டம் செய்து, வருமானம் குறைந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையை இலவசமாக்கினார்கள். நோயைக் கண்டுபிடிக்கப் பணம் கொடுத்த அந்தச் சட்டம், கண்டுபிடித்த நோய்க்குச் சிகிச்சை செய்யப் பணம் கொடுக்கவில்லை. அதற்கு வழி செய்ய இன்னொரு சட்டம் 2000-இல்தான் வந்தது. 2010-இல் வந்த பெரிய காப்பீட்டுச் சட்டம், பரிசோதனை மேமோகிராமுக்குப் பெண்கள் ஒன்றும் கட்ட வேண்டாம் என்றது. ஆனால் முதல் படத்தில் ஏதோ தெரிகிறது, மறுபடியும் வாருங்கள் என்று அழைத்து எடுக்கும் படமும், ஸ்கேனும், பயாப்சியும் வேறு கணக்கில் வைக்கப்பட்டன. இலவசம் என்று நம்பி வந்த பெண்களின் வீட்டுக்குச் சில வாரம் கழித்துப் பில் வந்தது. சில மாநிலங்கள் தனிச் சட்டம் செய்து இதைச் சரிசெய்தன. நாடு முழுவதற்குமான வழிகாட்டுதல் 2024 டிசம்பரில்தான் திருத்தப்பட்டு, 2026-இல் தொடங்கும் காப்பீட்டு ஆண்டுகளிலிருந்து மேற்பரிசோதனைகளும் கட்டணமின்றிச் செய்யப்பட வேண்டும் என்றாயிற்று. அவ்வளவு செல்வமுள்ள தேசமும் இரண்டு முறை வழியின் ஒரு பகுதிக்கு மட்டும் பாலம் கட்டி, மறுபகுதிக்கு வர ஒரு முறை பத்து ஆண்டும் இன்னொரு முறை பதினைந்து ஆண்டும் எடுத்துக்கொண்டது.

பணத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டோம். பிலிப்பைன்ஸ் நாட்டில் மணிலா நகரத்தில் 1995-இல் ஒரு பெரிய பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1,38,392 பெண்களைச் செவிலியர்கள் கையால் பரிசோதித்து, 3,479 பேரை மேற்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதை முடித்தவர்கள் 1,220 பேர்தான், நூற்றுக்கு முப்பத்தைந்து. வீடு தேடிப் போயும் நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேர் வரமாட்டோம் என்றே சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் சுற்றோடு, 1997-இல், அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். ஒன்றேகால் லட்சத்துக்கும் அதிகமான பெண்களைத் தொட்டுப் பார்த்த உழைப்பு, சீட்டு எழுதின இடத்தோடு நின்றுபோயிற்று. பயம், வெட்கம், வீட்டு வேலை, கணவன் என்ன சொல்வாரோ என்ற எண்ணம், பணம் எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். பணம் என்ற நூலை மட்டும் உருவினால் முடிச்சு முழுவதும் அவிழாது. ஆனால் அந்த நூலை உருவாமல் மற்ற எதையும் அவிழ்க்க முடியாது என்பதையும் பார்த்திருக்கிறோம்.

ஆகையால் முகாம் கேட்கும் சபைகளுக்கு இப்போது நாங்கள் எழுதுகிற பதில் இது. இருநூறு பேருக்கு முகாம் நடத்தப் பணம் இருந்தால், நூறு பேருக்கு நடத்துங்கள். மீதியை மேற்பரிசோதனைக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். அந்தத் தொகை ஓராண்டுக்கு வைக்கப்பட வேண்டும், ஏனென்றால் ஆறு மாதம் கழித்து வர வேண்டியவர்களும் இருப்பார்கள். முகாம் நாளின் புகைப்படமும் பேனரும் சபைக்கு உற்சாகம் தருவதை நாங்கள் அறிவோம். மேற்பரிசோதனைக்குப் புகைப்படம் கிடையாது. யார் பெயருக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதையும் உங்களிடம் சொல்ல மாட்டோம். எத்தனை பேருக்குச் சீட்டு கொடுத்தோம், அவர்களில் எத்தனை பேர் முடிவு வரைக்கும் வந்தார்கள், மொத்தம் எவ்வளவு செலவு என்று மட்டும் கணக்கு அனுப்புவோம். ஒரு முகாம் நன்றாக நடந்ததா என்பதை வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து அல்ல, இந்த இரண்டாவது எண்ணை வைத்துப் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில், வெளியூரிலிருந்து சீட்டோடு வருகிறவர்களுக்கு மருத்துவர், ஸ்கேன், ஊசி மூன்றையும் ஒரே நாளில் முடித்து அனுப்ப முயற்சி செய்கிறோம். அதற்காக அவர்களைக் காலை பத்து மணிக்குள் வரச் சொல்லுகிறோம். முடிவைத் தெரிந்துகொள்ள மறுபடியும் அலைய வேண்டாதபடி, ஒன்றுமில்லை என்றால் தொலைபேசியில் சொல்லிவிடுகிறோம். வேறு விதமான முடிவை மட்டும் தொலைபேசியில் சொல்லுவதில்லை. அப்போது வழிச்செலவைக் கொடுத்து, துணைக்கு ஒருவரோடு வரச் சொல்லி, நேரே உட்கார்ந்து பேசுகிறோம்.

சபையார் பணமில்லாமலும் செய்யக்கூடிய உதவி உண்டு. சீட்டு வாங்கின சகோதரியோடு பேருந்தில் கூட வர ஒருவர் கிடைத்தால், அவர்கள் வந்து சேர்வது ஏறக்குறைய நிச்சயம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதற்கென்று இரண்டு பேரை ஏற்படுத்தி, அவர்கள் பெயரை முகாமுக்கு முன்பே எங்களுக்கு அனுப்பி வையுங்கள். வாய் அடக்கமுள்ளவர்களாக இருப்பது அவசியம். முகாமில் ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டவர்களுக்கும் ஒன்றை அவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்: கையால் பார்க்கும் பரிசோதனைக்குத் தப்பிப்போகிற கட்டிகள் உண்டு. திருவனந்தபுரத்து ஆய்வில் ஏறக்குறைய பாதி அப்படித் தப்பின. பிறகு எப்போதாவது கட்டியோ, காம்பு உள்வாங்குவதோ, இரத்தக் கசிவோ கண்டால் அடுத்த முகாமுக்குக் காத்திராமல் உடனே வர வேண்டும்.

கடைசியாக ஒரு சிறு காரியம். பரிசோதனை முடிந்ததும் கொடுக்கப்படும் படங்கள், அறிக்கை, கண்ணாடித் துண்டு எதையும் எறிந்துவிட வேண்டாம். பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால், மாறாமல் இருக்கும் ஒன்றுக்காக மறுபடியும் ஊசி போட வேண்டிய தேவை பல வேளைகளில் இல்லாமற்போகும். எத்தனையோ பேர் பழைய மேமோகிராம் படத்தைத் தொலைத்துவிட்டு மறுபடியும் பணம் கட்டுகிறார்கள். வீட்டில் ஞானஸ்நான சான்றிதழும் ரேஷன் அட்டையும் வைக்கிற பெட்டியிலேயே இதையும் வைத்து, அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.